குழந்தைக்குப் பித்தநாள நீர்க்கட்டி: ஸ்கேன் முதல் லேப்ராஸ்கோப்பி வரை, அதற்கு அப்புறமும் ஒரு முழு வழிகாட்டி

ஸ்கேன் எடுத்த டாக்டர், “கோலிடோக்கல் சிஸ்ட் மாதிரித் தெரியுது, குழந்தைகள் சர்ஜனைப் பாருங்க” என்றார். என் காதில் விழுந்தது ‘கட்டி’ என்பது மட்டும்தான். மகளுக்கு அப்போது நாலு வயது. மூன்று மாதமாக விட்டு விட்டு வயிற்று வலி. பூச்சி மாத்திரை கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பள்ளிக்கூடம் போகப் பயந்து சாக்கு சொல்கிறாளோ என்றுகூட நினைத்தோம். கண் மஞ்சளானதும் அம்மா கீழாநெல்லி பறிக்கக் கொல்லைக்குப் போனார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனேன்.

அதன் பிறகு வந்த ஆறு வாரங்களில் தெரிந்துகொண்டதையும், அப்புறம் வருடக்கணக்கில் படித்தும் கேட்டும் சேர்த்ததையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையின் விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சர்ஜன்தான். ஆனால் அவர் பேசும்போது என்ன பேசுகிறார் என்று புரிவதற்கு இது உதவும்.

முதலில், இது எந்தக் கட்டி

தமிழில் சீழ் பிடித்தாலும் கட்டிதான், புற்றுநோயும் கட்டிதான். அதனால்தான் அந்தச் சொல் வயிற்றைக் கலக்குகிறது. இது அந்த இரண்டும் இல்லை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில் சேருகிறது. அந்தக் குழாய்தான் பித்தநாளம். சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல இந்தக் குழாய் விரிந்து நிற்பதைத்தான் பித்தநாள நீர்க்கட்டி, அதாவது கோலிடோக்கல் சிஸ்ட் என்கிறார்கள். தனியாக முளைத்த கட்டி கிடையாது, குழாயே வீங்கியிருக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

இது பிறவிக் கோளாறு. கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டது, சாப்பிடாதது எதுவும் காரணம் இல்லை. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. மேலை நாடுகளில் ஒரு லட்சம் அல்லது ஒன்றரை லட்சம் பேரில் ஒருவருக்கு என்கிறார்கள். ஆசிய நாடுகளில், குறிப்பாக ஜப்பானில், 1000 பேரில் ஒருவர் என்ற அளவுக்குப் போகிறது.

ஏன் வீங்குகிறது? 1969-ல் பாபிட் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். பித்தநாளமும் கணையத்தின் குழாயும் சாதாரணமாகக் குடல் சுவருக்குள், வாசலுக்கு மிக அருகில்தான் ஒன்று சேரும். அங்கே இருக்கும் சுருக்குத்தசை இரண்டையும் கட்டுப்படுத்தும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு அவை முன்னதாகவே, குடலுக்கு வெளியிலேயே இணைந்து நீளமான ஒரு பொதுக்குழாயாக வருகின்றன. சுருக்குத்தசையின் காவல் அங்கே இல்லை. கணையநீர் மேலேறிப் பித்தநாளத்துக்குள் புகுந்து அதன் சுவரை அரிக்கிறது. சுவர் பலம் இழந்து விரிகிறது. அறுவையின்போது நீர்க்கட்டிக்குள் இருக்கும் பித்தநீரைச் சோதித்தால், கணையத்தில் சுரக்கும் அமிலேஸ் என்ற நொதி அதில் எக்கச்சக்கமாக இருப்பது இதனால்தான். கருவிலேயே கீழ்முனை குறுகி அடைபட்டு வீங்குபவையும் உண்டு.

ரிப்போர்ட்டில் ‘டோடானி டைப்’ என்று ஒரு எண் இருக்கும். 1977-ல் ஜப்பானிய சர்ஜன் டோடானி ஒழுங்குபடுத்திய ஐந்து வகைப் பிரிவு அது. முதல் வகை, கல்லீரலுக்கு வெளியே உள்ள முக்கியக் குழாய் மட்டும் வீங்குவது. குழந்தைகளில் பெரும்பாலும் இதுதான். நான்காம் வகையில் பெரும்பாலும் கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகளும் சேர்ந்து வீங்கும். அதுவும் அரிதல்ல. இரண்டாவதும் மூன்றாவதும் குறைவு. ஐந்தாவது கல்லீரலுக்குள் மட்டும் இருப்பது, கரோலி நோய் என்பார்கள். அதற்கு வைத்தியமே வேறு. இந்த வழிகாட்டி ஒன்றாம், நான்காம் வகைகளைப் பற்றியது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

வலி, மஞ்சள், தொட்டால் தெரியும் வீக்கம் என்று மூன்று அறிகுறிகளைப் பாடப் புத்தகம் சொல்லும். மூன்றும் ஒன்றாக வரும் குழந்தைகள் குறைவு. அந்த மூன்றுக்கும் காத்திருந்தால் நாள்தான் போகும்.

கைக்குழந்தையாக இருந்தால் மஞ்சள்தான் முன்னால் வரும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், வெயிலில் காட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். மலம் வெளுத்து, பிசைந்த மாவின் நிறத்தில் போகிறதா, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய், நேரடி பிலிருபின் (பித்தநீர் இறங்காமல் தேங்கினால் கூடும் மஞ்சள் நிறமி) எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பித்தநாளம் தழும்பேறி அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியா என்ற நோயும் இதே அறிகுறிகளோடு வரும். சில சமயம் ஸ்கேனில் அதுவும் ஒரு நீர்க்கட்டியைப் போலவே தெரியும். அதற்கான, குடலைக் கல்லீரலின் அடியோடு இணைக்கும் ‘கசாய்’ என்ற அறுவையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். எனவே கைக்குழந்தைக்கு ‘கட்டி சின்னதுதான், பொறுத்துப் பார்ப்போம்’ என்பது ஆபத்தான வாக்கியம்.

பெரிய குழந்தைகளுக்கு வயிற்று வலிதான் முதலில். மேல் வயிற்றில், தொப்புளுக்கு மேலே, வந்து வந்து போகும். கூடவே வாந்தி. ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற கணைய நொதிகள் கூடியிருந்தால் கணைய அழற்சி. குளிர்க்காய்ச்சலோடு மஞ்சள் வந்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று. மஞ்சள் தானாக இறங்கியும் விடும். எங்கள் வீட்டிலும் ஒருமுறை இறங்கியது, கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது. பொதுக்குழாயில் அடைத்துக்கொண்டிருக்கும் புரதக் கட்டி நழுவினால் மஞ்சள் இறங்கும், மறுபடி அடைத்தால் ஏறும். மூக்கில் மருந்து விடுவது, சூடு போடுவது போன்றவற்றை இந்தக் குழந்தைகளிடம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பரிசோதனைகள்

முதலில் வயிற்று ஸ்கேன். அதாவது அல்ட்ராசவுண்ட். வலியில்லை, கதிர்வீச்சில்லை, பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். கர்ப்ப கால ஸ்கேனிலேயே தெரிவதும் உண்டு.

அடுத்தது எம்.ஆர்.சி.பி., அதாவது பித்த, கணையக் குழாய்களைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இதுதான் சர்ஜனுக்கு வரைபடம். குழாய் எங்கே தொடங்கி எங்கே வீங்குகிறது, கல்லீரலுக்குள் கிளைகள் எப்படி, கணையக் குழாய் எந்த இடத்தில் சேருகிறது, கல் இருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியும். இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் வெறும் வயிற்றில்தான் வர வேண்டும். நாங்கள் பாட்டி கொடுத்த ஒரு பிஸ்கட்டால் ஒரு நாளை இழந்தோம்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் செயல்பாடு, அமிலேஸ், லைபேஸ், ரத்த அணுக்களோடு ரத்தம் உறையும் நேரத்தையும் கட்டாயம் பார்ப்பார்கள். பித்தநீர் குடலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் ஏறாது. அதில் வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறையாது. அறுவைக்கு முன் வைட்டமின் கே ஊசி போடுவது இதற்குத்தான். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் இ.ஆர்.சி.பி. எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. அடைப்பை அவசரமாகத் திறக்க வேண்டும் என்றால்தான் அந்தப் பேச்சு வரும்.

ஏன் அறுவை, ஏன் முழுதாக

என் மகளுக்கு நாள் குறித்த சமயத்தில் அவள் ஓடி ஆடிக்கொண்டிருந்தாள். வலி இல்லை, மஞ்சள் இல்லை. “நல்லா இருக்கற பிள்ளைய எதுக்குக் கிழிக்கணும்?” என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மருந்தால் இந்த வீக்கம் சுருங்காது. விட்டால் திரும்பத் திரும்பத் தொற்று, கணைய அழற்சி, கல். நாள்பட்டால் கல்லீரல் இறுகிச் சிரோசிஸ். சில குழந்தைகளுக்கு நாளம் வெடித்து வயிறு முழுவதும் பித்தநீர் பரவும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கணையநீரால் ஆண்டாண்டாக அரிபடும் அந்தச் சுவரில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. முதல் பத்து வயதில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரியவர்களான பிறகு நூற்றில் பத்தைத் தாண்டுகிறது. வயதோடு ஏறும் கணக்கு இது.

ஒரு காலத்தில் நீர்க்கட்டியை அப்படியே வைத்துவிட்டு, அதைக் குடலோடு இணைத்து ஒரு வடிகால் மட்டும் செய்தார்கள். சின்ன அறுவை, சீக்கிரம் முடியும், மஞ்சளும் இறங்கும். ஆனால் அரிபட்ட சுவர் உள்ளேயே இருந்ததால் தொற்றும் கல்லும் திரும்ப வந்தன, சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றுநோயும் வந்தது. அந்த முறையைக் கைவிட்டது அதனால்தான். இன்றைய விதி, வீங்கிய குழாயைப் பித்தப்பையோடு சேர்த்து அகற்றிவிட்டு, பித்தநீருக்குப் புது வழி அமைப்பது. லேப்ராஸ்கோப்பியா (சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது), வயிற்றைத் திறந்தா என்ற கேள்வி இதற்கு அடுத்ததுதான். உள்ளே எதை எடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு வெளியே தழும்பு எவ்வளவு என்பதை மட்டும் விசாரிக்கும் பெற்றோர்கள் நிறைய. நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன்.

எப்போது செய்வது? மஞ்சளும் வெளுத்த மலமுமாக இருக்கும் கைக்குழந்தைக்குத் தாமதம் கூடாது. கருவிலேயே தெரிந்து, பிறந்த பின் தொந்தரவில்லாமல் இருக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் எடை ஏற விட்டு, முதல் ஆறு மாதத்துக்குள் செய்யப் பல சர்ஜன்கள் விரும்புகிறார்கள். தொற்றோ கணைய அழற்சியோ கொதித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை மருந்தால் அடக்கிவிட்டு, சில வாரம் கழித்துத்தான் கத்தி. நாளம் வெடித்திருந்தால் முதலில் வடிகுழாய் வைத்துக் காப்பாற்றுவார்கள், முழு அறுவை பின்னொரு நாள்.

லேப்ராஸ்கோப்பியா, திறந்த அறுவையா

1995-ல் இத்தாலியில் ஃபாரெல்லோ குழுவினர் ஆறு வயதுச் சிறுமிக்கு லேப்ராஸ்கோப்பியில் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன் விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கீறித்தான் செய்ய வேண்டும். அப்புறம் இந்த முறை வேகம் பிடித்தது ஆசியாவில்தான், நோய் இங்கேதானே அதிகம். வியட்நாமில் ஹனோயின் தேசியக் குழந்தைகள் மருத்துவமனையில் நுயென் தான் லியெம் குழுவினர் 400 குழந்தைகளுக்கு லேப்ராஸ்கோப்பியில் செய்த அனுபவத்தை 2012-ல் வெளியிட்டார்கள். 2006 முதல் ரோபோ உதவியோடு செய்ததும் பதிவாகியிருக்கிறது.

இதில் குழந்தைக்கு வலி குறைவு, குடல் சீக்கிரம் இயங்கும், தழும்பு சிறியது, பின்னாளில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது குறைவு. சர்ஜனுக்கும் ஒரு லாபம் உண்டு. கல்லீரலுக்கு அடியில் ஆழமாக இருக்கும் இடத்தைக் கேமரா பெரிதாக்கிக் காட்டுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயை, நீளக் கம்பிகளின் நுனியில் ஊசியைப் பிடித்துக் குடலோடு தைக்க வேண்டும். இது எல்லா லேப்ராஸ்கோப்பி சர்ஜனுக்கும் கைவராது. பெரியவர்களுக்குப் பித்தப்பைக் கல்லை ஆயிரம் பேருக்கு எடுத்தவர் என்பது இங்கே தகுதி ஆகாது. குழந்தைகள் அறுவையில் பயிற்சி பெற்றவரா, இதே அறுவையைத் தொடர்ந்து செய்கிறவரா என்று கேளுங்கள். “இதுவரை எத்தனை குழந்தைக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டர்?” என்று கேட்டால் நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். அனுபவம் இல்லாத கையில் துளை வழி செய்வதைவிட, தேர்ந்த கையில் திறந்து செய்வது மேல். தேர்ந்த கைக்காக வேறு ஊர் போக வேண்டியிருந்தாலும் போகலாம், குழந்தை நிலையாக இருந்தால் ஒரு வாரம் அங்கே இங்கே ஆவதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

பலமுறை தொற்று வந்து எல்லாம் ஒட்டிப் போயிருந்தாலோ, முன்பே இந்த இடத்தில் அறுவை நடந்திருந்தாலோ, கல்லீரல் இறுகி அங்குள்ள ரத்த நாளங்களில் அழுத்தம் ஏறியிருந்தாலோ திறந்து செய்வதையே சர்ஜன் விரும்பலாம். லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி நடுவில் திறப்பதும் நடக்கும். சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கும். அது தோல்வி இல்லை, நிதானம்.

அறுவைக்கு முந்தைய நாட்கள்

சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்க டாக்டர் தள்ளிப் போடுவார், தள்ளிப் போடட்டும். வெறும் வயிற்றுக் கணக்கு பொதுவாக இப்படி: சோறு, பசும்பால், பவுடர் பால் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நாலு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். நர்ஸ் சொல்வதை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள். குழந்தையின் பெயர் அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் அனுமதி வர நாளாகலாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் குழந்தைகள் அறுவைப் பிரிவு இருக்கிறது.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். ‘ஊசியே போட மாட்டாங்க’ என்று சொல்லி அழைத்துப் போனால் அடுத்த பத்து நாளும் அது நம்மை நம்பாது. ‘தூங்க வைப்பாங்க, வயித்துல குட்டியா நாலு பிளாஸ்திரி இருக்கும், கொஞ்சம் வலிக்கும், அப்பா பக்கத்துலயே இருப்பேன்’ என்றேன். அது போதுமாக இருந்தது.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது

எங்கள் சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முழு மயக்கம் கொடுத்த பிறகு மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப் போடுவார்கள். சின்னக் குழந்தை என்றால் மேசையின் கால்மாட்டு ஓரத்தில் படுக்க வைத்து, சர்ஜன் கால் பக்கம் நின்றுகொள்வார். திரை தலைமாட்டில்.

தொப்புளில் முதல் துளை. அதன் வழியாகக் கேமரா. வயிற்றுக்குள் கரியமில வாயுவை மெதுவாகச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். அழுத்தம் வழக்கமாக 8 முதல் 12 மில்லிமீட்டர் பாதரசம். குழந்தைக்கு இதற்குமேல் ஏற்றினால் மூச்சுக்குக் கஷ்டம். பிறகு 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் இன்னும் மூன்று துளைகள். கல்லீரல் திரைபோல மறைக்கும் என்பதால், வயிற்றுச் சுவர் வழியாக ஒரு தையல் போட்டு அதைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். கூடாரத் துணியைத் தூக்கிக் கட்டுவது போல.

எம்.ஆர்.சி.பி. தெளிவாக இல்லை என்றால் பித்தப்பைக்குள் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் குழாய்களைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் பிரித்தெடுக்கும் வேலை. நீர்க்கட்டிக்குப் பின்னால் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை ஓடுகிறது, பக்கத்தில் கல்லீரல் தமனி, கீழே கணையம். பழைய தொற்றால் சுவர் அந்தச் சிரையோடு ஒட்டிப் போயிருந்தால், வெளித்தோலை அங்கேயே விட்டுவிட்டு உள்தோலை மட்டும் உரித்தெடுக்கும் உத்தி ஒன்று உண்டு. லில்லி என்ற சர்ஜனின் பெயரால் அதைச் சொல்கிறார்கள். ஆபத்தானது உள்தோல்தான் என்பதால் அது போனாலே போதும்.

கீழ்முனைதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த இடம். நீர்க்கட்டி கீழே போகப் போகக் குறுகிக் கணையத்துக்குள் நுழைகிறது. மேலேயே வெட்டி நிறுத்திவிட்டால் மிச்சத் துண்டு உள்ளே தங்கும். பின்னாளில் அதில் கல் சேரும், கணைய அழற்சி வரும், புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். அதிகம் கீழே போனால் கணையக் குழாய் காயப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடம்தான். பொதுக்குழாயில் புரதக் கட்டிகள் இருந்தால் கழுவி எடுத்துவிட்டு, முனையைத் தையலாலோ கிளிப்பாலோ அடைப்பார்கள்.

மேல்முனையில், கல்லீரலின் வலது இடது குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஆரோக்கியமான பகுதியில் வெட்டுவார்கள். உள்ளே கிளைகளில் கல், குறுகல், தடுப்புச் சவ்வு இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வதும் இப்போதுதான். நான்காம் வகைக்கு இது ரொம்ப முக்கியம்.

இனிப் புது வழி. நடுச்சிறுகுடலில் ஓரிடத்தைத் தொப்புள் துளை வழியாகவே வெளியே இழுப்பார்கள். ஆமாம், வெளியே. அங்கே குடலை வெட்டி, கீழ்த்துண்டின் ஒரு பகுதியை மேலே போகும் கையாக விட்டு, மேல்துண்டை அதன் பக்கவாட்டில் தைத்து, எல்லாவற்றையும் மறுபடி உள்ளே விடுவார்கள். உண்டிவில் கவட்டை போன்ற வடிவம் வரும். ஒரு கையில் பித்தநீர் இறங்கும், இன்னொரு கையில் சாப்பாடு இறங்கும், இரண்டும் கீழே சேரும். சுவிட்சர்லாந்தின் சர்ஜன் சேசர் ரூவின் பெயரால் இதை ரூ லூப் என்கிறார்கள். அந்தப் பித்தநீர்க் கை 30, 40 சென்டிமீட்டர் இருப்பது வழக்கம். சாப்பாடு கல்லீரல் பக்கம் ஏறி வராமல் இருக்க அந்த நீளம். குழந்தைக்கு அளவுக்கு மீறி நீளமாக விட்டால் மடங்கிக்கொள்ளும் என்பதால், கல்லீரலின் அடிக்கும் தொப்புளுக்கும் உள்ள தூரத்தை வைத்தே அளவெடுக்கும் சர்ஜன்களும் இருக்கிறார்கள்.

கடைசியில் அந்தக் கையைப் பெருங்குடலுக்குப் பின்பக்கமாக மேலே கொண்டுபோய், கல்லீரல் குழாயின் வாயோடு தைப்பார்கள். முடிபோன்ற, தானே கரையும் நூல். முதலில் பின்சுவர், அப்புறம் முன்சுவர். இந்தத் தையல் கசியாமலும் இருக்க வேண்டும், சுருங்காமலும் இருக்க வேண்டும். ரூ லூப் இல்லாமல் நேரே முன்சிறுகுடலோடு தைப்பதும் உண்டு. ஹனோயில் பலருக்கு அப்படிச் செய்தார்கள். நேரம் மிச்சம், பின்னாளில் என்டோஸ்கோப்பியில் எட்டலாம். ஆனால் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி எரிச்சல் தரலாம். எது என்று சர்ஜனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்த நீர்க்கட்டி தொப்புள் வழியாக வெளியே வந்து பயாப்சிக்குப் போகும். தைத்த இடத்தருகே, தேங்கும் நீரை வெளியே வடிக்கும் ஒரு டிரெயின் குழாய் வைத்து முடிப்பார்கள். மூன்று முதல் ஐந்து மணி நேரம் என்று சொல்லி வையுங்கள், இன்னும் நீளலாம். தியேட்டர் வாசலில் ஏழாவது மணியில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. உள்ளே அவர்கள் பொறுமையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வார்டில்

முதல் ஒன்றிரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருக்கலாம். டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், வலி மருந்து. தோள்பட்டை வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் பயப்படாதீர்கள், உள்ளே மிஞ்சிய வாயு செய்யும் வேலை. மூக்கு டியூபில் வரும் பச்சை நீர் குறைந்து, காற்றுப் பிரிந்ததும் தண்ணீர் கொடுக்கத் தொடங்குவார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் நாலு நாளில். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இட்லி மணக்கும், குழந்தை அழும். அந்த இரண்டு நாளைத் தாண்டுவதுதான் பெற்றோருக்குக் கஷ்டம்.

டிரெயினில் என்ன நிறம் வருகிறது என்று தினமும் கவனியுங்கள். இளஞ்சிவப்பாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெளிந்து குறைவது சரி. கரும்பச்சையாகவோ அடர் மஞ்சளாகவோ வந்தால் தையலில் பித்தநீர் கசிகிறது. சொல்லிவிடுங்கள். பல கசிவுகள் டிரெயினை இன்னும் சில நாள் வைத்திருந்தாலே தானாக அடைபடும். சிக்கல் இல்லை என்றால் ஒரு வாரத்தையொட்டி வீடு.

வீட்டில், பிறகு வருடங்களில்

பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். பித்தப்பை இல்லாமல் எப்படிச் செரிக்கும் என்று எங்கள் தெருவே கேட்டது. பித்தநீரைச் செய்வது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் குடம் மட்டுமே. குடம் இல்லாவிட்டாலும் குழாயில் வரும். முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் குறைத்து. பிறகு டாக்டர் சொல்லும் வேகத்தில் வழக்கமான சாப்பாடு. இரண்டு மூன்று வாரத்தில் பள்ளி, ஒன்றரை மாதத்துக்குப் பின் ஓட்டம் குதிப்பு. உர்சோடியால் மாத்திரை, வைட்டமின்கள் கொடுத்திருந்தால் அவர்கள் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பயாப்சி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வெளுத்த மலம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. பித்தநாளத் தொற்றாகவோ, தைத்த வாய் சுருங்கியதாகவோ இருக்கலாம். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பு. அதற்கு இரவு பகல் பார்க்கக் கூடாது. இவை ஒரு மாதத்திலும் வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். அரிதுதான், ஆனால் ‘அப்போதே ஆபரேஷன் ஆகிவிட்டதே’ என்று அலட்சியம் வருவதும் அந்த ஐந்தாவது வருடத்தில்தான்.

முதல் வருடத்தில் ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், அப்புறம் வருடம் ஒருமுறை என்பது பொதுவான ஏற்பாடு. உங்கள் சர்ஜன் மாற்றிச் சொல்லலாம். எத்தனை வருடத்துக்கு? ஆயுள் முழுக்க. கட்டியை முழுதாக எடுத்தாலும் மிஞ்சியிருக்கும் குழாய்களில், முக்கியமாகக் கல்லீரலுக்குள், பின்னாளில் புற்றுநோய் வரச் சின்ன வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன், நோட்டுக்கு அட்டை போடும் வாரத்தில் போய்விடுவோம். மறக்காமல் இருக்க அது ஒரு வழி.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த வகை, எதோடு இணைத்தார்கள், ரூ லூப் என்றால் எத்தனை சென்டிமீட்டர், கீழ்முனை எங்கே கட்டப்பட்டது, பயாப்சியில் என்ன என்பதெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், போனிலும் ஒரு படம். இருபது வருடம் கழித்து வேறு ஊரில் அவளுக்கு மஞ்சள் வந்தால், அங்குள்ள டாக்டர் வழக்கமான இ.ஆர்.சி.பி. குழாயை விட்டு முன்சிறுகுடலில் பித்த வாசலைத் தேடுவார். ரூ லூப் போட்டவர்களுக்கு அந்த வாசல் வழியாகப் பித்தநீர் வருவதே இல்லை. வயிற்றில் இருக்கும் நாலு புள்ளித் தழும்பைப் பார்த்து அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும்.